உளி பிடித்த கட்டடக் கலைஞர்

மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு



முதலாமாண்டு வொர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கிறதா? காக்கிச் சட்டை, கையில் ஒரு மரக்கட்டை, எதிரே பெஞ்ச் வைஸ். இழைப்புளியைத் தள்ளினால் ஒரு பக்கம் தேயும், இன்னொரு பக்கம் மேடாகவே நிற்கும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். எப்படியோ ஒரு ஹாஃப் லேப், ஒரு டவ்டெயில், ஒரு மார்டிஸ் அண்ட் டெனன் செய்து காட்டி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். அதோடு சரி! அந்தக் கட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. கைக்கு வந்த கொஞ்ச வித்தையும் கூடவே போய்விட்டது.

என் கதையும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் மேஜை இல்லை.

மேஜை வெடித்த கதை

சிவில் படிக்கிறவனுக்கு மேஜை இல்லாமல் முடியுமா? டிராயிங் போர்டைத் தரையில் போட்டுக் குப்புறப் படுத்துத்தான் ப்ளான் வரைவேன். முதுகு வலிக்கும், ஷீட்டில் அழுக்குப் படும். கடையில் விலை விசாரித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று இரண்டாமாண்டு லீவில் இறங்கினேன். கொல்லையில் விழுந்த மாமரத்தை அறுத்த பலகை கிடந்தது. கால்களுக்கு, ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளில் மெஷின் வந்து இறங்குகிற பழைய பேக்கிங் கட்டை. நாலு நாள் பாடுபட்டு மேஜையை நிறுத்தினேன். ஆடியது. காலைக் கொஞ்சம் அறுத்தேன், இன்னும் ஆடியது. மறுபடி அறுத்தேன், மேஜை குட்டையானதுதான் மிச்சம்! ஒருவழியாக நின்றது. ஆனால் சித்திரை வெயில் ஏறியதும் ஒரு மத்தியானம் டப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் மேல்பலகை ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருக்கிறது.

டிப்ளமோ படிக்கிற பையனுக்கு ஆசாரி வேலை எதற்கு என்று தெருவில் சிரித்தார்கள். அடுப்புக்காவது ஆகும், பிளந்து போட்டுவிடு என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள். எனக்கும் வெட்கம்தான். பலகையைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுக் காலேஜுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் பிரிவு மாணவர்களைப் புதுச்சேரிக்கு டூர் அழைத்துப் போனார்கள். கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் எங்கள் சார் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கட்டடத்தைக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூடத் தெரியவில்லை. சுவர் முழுக்கக் கிடைமட்டமாக அடுக்கிய பட்டைகள், மீன் செதில் மாதிரி! அதன் பெயர் கோல்கொண்டா, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. 1937-ல் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம் என்றார் சார். இதைக் கட்டும்போது சைட்டில் நின்று வேலை பார்த்த கட்டடக் கலைஞர்தான் பின்னாளில் உலகத்திலேயே பெயர் பெற்ற மேஜை நாற்காலி செய்கிறவரானார், அதிலும் வெடித்த பலகையில் மேஜை செய்தே பெயர் வாங்கினார் என்றும் சொன்னார்.

வெடித்த பலகையா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்குத் திரும்பியதும் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர்தான் ஜார்ஜ் நகாஷிமா.

காடு சுற்றிய பையன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்ற ஊரில் 1905 மே 24-ஆம் நாள் பிறந்தார் நகாஷிமா. பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள். சிறு வயதில் சாரணர் படையில் சேர்ந்து மலை, காடு என்று சுற்றினார். பெரிய பெரிய மரங்களின் அடியில் திரிந்த அந்த நாட்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் படித்தார். பிறகு கட்டடக்கலைக்கு மாறி 1929-ல் பட்டம் பெற்றார். அடுத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது நாம் எல்லோரும் பெயர் கேட்டாலே வாய் பிளக்கிற எம்.ஐ.டி.யில், முதுகலைப் பட்டம். ஆனால் அமெரிக்காவில் அப்போது பொருளாதார மந்தம், வேலையெல்லாம் போய்க்கொண்டிருந்த காலம். கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? காரை விற்றுவிட்டு உலகைச் சுற்றிவரக் கப்பல் டிக்கெட் வாங்கினார்! பாரிஸில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஜப்பான் போய்ச் சேர்ந்தார்.

டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஜப்பானியக் கோயில்களையும் வீடுகளையும் பார்த்தார். ஆணி அதிகம் இல்லாமல், மரத்தோடு மரம் கடித்து நிற்கிற மூட்டுகளைப் பார்த்தார். நம்ம வொர்க்‌ஷாப் ரெக்கார்டில் வரைந்த அதே துளையும் கழுந்தும்தான். ஆனால் அங்கே அவை பெரிய கூரைகளைத் தாங்கி நின்றன.

புதுச்சேரியில் சுந்தரானந்தா

அந்த ரேமண்ட் அலுவலகத்துக்குத்தான் கோல்கொண்டா விடுதியை வடிவமைக்கும் வேலை வந்தது. ஹைதராபாத் நிஜாம் அரசிலிருந்து சர் அக்பர் ஹைதரி மூலம் நன்கொடை கிடைத்ததால் அந்தப் பெயர். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1937-ல் சைட்டைப் பார்த்துக்கொள்ள நகாஷிமா அனுப்பப்பட்டார்.

சிவில் நண்பர்கள் இதைக் கவனிக்கணும். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரமவாசிகள், கட்டட வேலை பழகாதவர்கள். சென்டரிங் அடித்ததிலிருந்து கான்கிரீட் போட்டது வரை கையாலேயே நடந்தது. வெயிலை அடக்கிக் காற்றை விடுவதற்கு, கட்டடத்தின் இரண்டு முகத்திலும் திருப்பிக்கொள்கிற பட்டைகள். அறைக்கும் நடைக்கும் நடுவில் தேக்கு மரத்தில் தள்ளுகதவுகள், அவற்றிலும் காற்றுப் புகும் இடைவெளி. கதவுக்கான பித்தளைச் சாமான்களை வார்க்கப் பழைய பாத்திரங்களையே உருக்கினார்கள். ஃபேனை நம்பாமல், காற்றை நம்பிக் கட்டிய கட்டடம் அது!

அங்கே இருக்க இருக்க நகாஷிமாவின் மனம் மாறியது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமத்திலேயே ஒருவராகச் சேர்ந்தார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள். அறைகளுக்கு வேண்டிய மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். உலகப்புகழ் பெற்ற அந்தக் கையின் முதல் மரச்சாமான்கள் பிறந்தது நியூயார்க்கிலும் இல்லை, டோக்கியோவிலும் இல்லை. நம்ம பக்கத்து ஊரான புதுச்சேரியில், தேக்கில்!

ஏன் கட்டடத்தை விட்டார்?

உலகப்போர் மேகம் திரண்ட 1939-ல் புதுச்சேரியை விட்டுச் சீனா வழியாக ஜப்பான் போனார். அங்கே மரியன் ஒகாஜிமாவைச் சந்தித்தார். 1940-ல் அமெரிக்கா திரும்பி, 1941-ல் மரியனை மணந்தார். வேலை தேடும்போது புதிதாகக் கட்டப்படும் பெரிய பெரிய கட்டடங்களைப் போய்ப் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர், மேற்பார்வை இன்னொருவர். வரைந்த அழகு கட்டி முடிக்கும்போது காணாமல் போகிறது. வேலையின் அடி முதல் நுனி வரை ஒரே கையில் இருக்கணும் என்றால் சின்னதாக ஏதாவது செய்யணும் என்று நினைத்தார். அப்படித்தான் மேஜை நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

யோசித்துப் பாருங்கள். வயது 35 ஆகிவிட்டது. எம்.ஐ.டி. பட்டம் கையில் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவர் எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு உளியை எடுக்கிறார்! சியாட்டிலில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்திய சிறுவர் மன்றத்தில் பட்டறை ஒன்று கிடைத்தது. வாடகைக்குப் பதிலாக அங்கிருந்த பையன்களுக்கு மரவேலை சொல்லிக் கொடுத்தார். கற்றுக்கொண்டே கற்றுக்கொடுத்தார் என்றுதான் சொல்லணும்.

முள்வேலிக்குள் ஒரு குரு

நிம்மதி நீடிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடுவாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்! நகாஷிமாவும் மரியனும், பிறந்து சில வாரமே ஆன கைக்குழந்தை மீராவோடு அந்தக் கூட்டத்தில் போனார்கள்.

ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாம். சுற்றிலும் புழுதி பறக்கிற வறண்ட நிலம். 9,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். தார்த்தாள் போர்த்திய மரக்கொட்டகையில் குடும்பத்துக்கு ஓர் அறை, அதில் கட்டிலும் ஓர் அடுப்பும். உட்கார நாற்காலி கிடையாது, குழந்தையின் துணி வைக்க ஒரு பலகை கிடையாது. என்ன செய்வார்கள்? கொட்டகை கட்டி மிச்சமான துண்டுக் கட்டைகளைப் பொறுக்கி வந்து, கிடைத்த ஆணியை நிமிர்த்தி, ஸ்டூலும் அலமாரியும் மேஜையும் தாங்களே செய்துகொண்டார்கள். அதற்கு முன் சுத்தியல் பிடித்தறியாதவர்களும் அதில் உண்டு. வீட்டில் மரச்சாமான் செய்யப் பழகிய ஒரு முகாம் என்றே அதைச் சொல்லலாம்.

அங்கேதான் நகாஷிமா கென்டாரோ ஹிகோகாவாவைக் கண்டார். ஜப்பானிய முறையில் முழுப்பயிற்சி பெற்ற தச்சர். மிச்சமான சாமான்களைக் கொண்டே அறையை எப்படி வசதியாக்கலாம் என்று காட்டுவதற்கு ஒரு மாதிரி அறை செய்யும் வேலை இருவருக்கும் வந்தது. பட்டதாரி, தச்சருக்குச் சீடரானார். ஜப்பானிய ரம்பமும் இழைப்புளியும் நம்ம வொர்க்‌ஷாப்பில் பழகுவது போலத் தள்ளி வேலை வாங்குவதில்லை, நம் பக்கம் இழுத்து வேலை வாங்குவது. அதைப் பழகினார். உளியைத் தீட்டுவது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது, மூட்டை இடைவெளி இல்லாமல் பொருத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை. பாலைவனத்தில் முளைத்த புதர்க்கட்டைகளைக்கூட வீணாக்காமல் பயன்படுத்தினார்கள்.

நண்பர்களே, எனக்கு இந்த இடம்தான் தொண்டையை அடைத்தது. தப்பே செய்யாமல் சிறைப்பட்டவர் சும்மா அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் படிப்பென்ன, தகுதியென்ன என்று முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கலாம். அவரோ பட்டம் இல்லாத ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து உளி தீட்டப் பழகினார். நகாஷிமா பெயர் இன்று புத்தகங்களில் இருக்கிறது. ஹிகோகாவா பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? நம் ஊரிலும் இதே கதைதானே! கல்யாணத்துக்குக் கட்டில் செய்தவர், கதவு நிலை வைத்தவர், ஒகேனக்கல்லில் மூங்கிலை வளைத்துப் பரிசல் பின்னுகிறவர் என்று எத்தனை குருமார்கள்! அவர்களிடம் ஒரு நாளாவது போய் உட்கார்ந்திருப்போமா?

கோழிப்பண்ணையிலிருந்து

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டதால் குடும்பம் முகாமை விட்டு வெளியே வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ ஹோப் என்ற ஊரில் ரேமண்டின் பண்ணை. அங்கே நகாஷிமா பார்த்த வேலை கோழி வளர்ப்பது! கிடைத்த நேரத்தில் மரவேலை. போர் முடிந்த கையோடு, உழைப்பையே விலையாகக் கொடுத்து 3 ஏக்கர் நிலம் பெற்றார். கூடாரம் அடித்துத் தங்கிக்கொண்டு முதலில் பட்டறையைக் கட்டினார், பிறகுதான் வீடு. கல் பொறுக்கியதும் அவரே, கூரை போட்டதும் அவரே.

நல்ல மரம் வாங்கக் காசில்லை. ஆகவே மரக்கடையில் ஒதுக்கித் தள்ளியவற்றை வாங்கினார். முடிச்சு விழுந்தவை, வெடித்தவை, ஓரம் கோணலானவை. மற்றவர்கள் ஓரத்தை நேராக அறுத்தெறிந்தபோது இவர் பட்டையை மட்டும் உரித்து, மரம் வளர்ந்தபடியே வளைந்த ஓரத்தை அப்படியே விட்டார். வறுமையில் தொடங்கிய பழக்கம், பின்னாளில் அவருடைய முத்திரையே ஆகிவிட்டது.

விரிசலுக்கு ஒரு பட்டாம்பூச்சி

வெடிப்பை அவர் என்ன செய்தார்? மக்கு வைத்துப் பூசி, பெயின்ட் அடித்து மறைக்கவில்லை. விரிசலுக்குக் குறுக்கே கடினமான மரத்தில் ஓர் ஆப்பு பதித்தார். இரண்டு முனையும் அகலம், நடுவில் இடுப்பு குறுகல். பார்த்தால் பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்கும். இரண்டு டவ்டெயிலை முதுகோடு முதுகு ஒட்டினால் வருகிற வடிவம்தான். விரிசல் ரேகையோடு ஓடும். ஆப்பின் ரேகை அதற்குக் குறுக்கே நிற்கும். பலகை மேலும் விரியப் பார்த்தால் அகன்ற முனைகள் இரண்டும் பிடித்துக்கொள்ளும். இது பழைய தச்சுமுறைதான், அவர் கண்டுபிடிப்பல்ல. ஆனால் குறையை எல்லோரும் பார்க்கிற மேல்பக்கத்திலேயே வைத்து, அதையே அழகாக்கியது அவர் துணிச்சல்.

படித்த சிவிலையும் அவர் மறக்கவில்லை. தன் இடத்திலேயே வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரையோடு ஒரு கூடம் எழுப்பினார். அதற்குக் கோனாய்டு ஸ்டூடியோ என்று பெயர். அந்தப் பெயரிலேயே 1960-ல் இரண்டே கால்கள் கொண்ட ஒரு நாற்காலி செய்தார். விழுந்துவிடும் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். தரையில் நீளமாகப் படிகிற அடிக்கட்டைகள் பாரத்தை வாங்கிக்கொள்ள, நாற்காலி அசையாமல் நின்றது! நம்ம கேன்டிலீவர் பாடம்தான், மரத்தில்.

1973-ல் நெல்சன் ராக்ஃபெல்லர் தன் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட சாமான்கள் செய்யச் சொன்னார். அதனால் பட்டறை பெருந்தொழிற்சாலை ஆகிவிடவில்லை. சில கைவினைஞர்களோடு, மரத்துக்கு மரம் அவரே நின்று பார்க்கிற இடமாகவே இருந்தது. ஒரு மரத்தை எந்தக் கோணத்தில் அறுப்பது என்பதைப் பக்கத்தில் நின்று தானே தீர்மானிப்பார். நூறாண்டு வளர்ந்த மரத்தை ஒரு நிமிஷத்தில் தப்பாக அறுத்துவிட்டால் திரும்பி வருமா?

மறுபடியும் இந்தியா

1964-ல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அவரை அழைத்தது. அங்கே தங்கி மேஜை, நாற்காலிகளை வடிவமைத்தார். அந்நிறுவனப் பட்டறையில் நம் நாட்டுத் தச்சர்கள் அவற்றைச் செய்தார்கள்.

1984-ல் ராட்சத வால்நட் மரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதை அறுத்து, உலகின் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு சமாதான மேஜை செய்து வைக்கணும் என்று ஆசைப்பட்டார். போரால் முகாமில் அடைபட்ட மனிதர் கண்ட கனவு அது. முதல் மேஜை 1986-ஆம் ஆண்டின் கடைசி இரவில் நியூயார்க்கின் செயின்ட் ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேஜை எங்கே வந்தது தெரியுமா? அவர் மறைவுக்குப் பின், 1996-ல், நம்ம விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லுக்கு!

முகாம்களில் அடைத்தது தவறு என்று அமெரிக்க அரசு 1988-ல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது, உயிரோடிருந்தவர்களுக்கு இழப்பீடும் வழங்கியது. மறுவருஷம் ஒரு சோதனை. அவர் கையால் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் இருந்த ஒரு வீடு தீப்பிடித்து எல்லாம் சாம்பலாயின. 84 வயதில் அத்தனையையும் மறுபடி செய்து தர உட்கார்ந்தார்! வேலை முடியுமுன் 1990 ஜூன் 15-ஆம் நாள் கண்ணை மூடினார். முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன மகள் மீராதான் மீதியைச் செய்து முடித்து, பட்டறையையும் ஏற்று நடத்தினார்.

வீட்டில் செய்ய ஆசையா?

அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு என் மேஜை ஏன் வெடித்தது என்று யோசித்தேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர், வயதான ஆசாரி. அவரிடம் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க என்றதும் விரலால் தடவிப் பார்த்து, நான் செய்த தப்பை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரிடம் கற்றதையும் நான் பட்டதையும் சேர்த்து, புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் மேஜைக்குப் போகாதீர்கள். ஒரு மணை, பிறகு ஒரு ஸ்டூல், பிறகு மேஜை. ஸ்டூல் உயரம் 45 செ.மீ., மேஜை உயரம் 75 செ.மீ. என்று வைத்தால் உட்காரவும் எழுதவும் சரியாக இருக்கும்.

2. கருவி அதிகம் வேண்டாம். ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், டேப், உளி தீட்டும் கல். மழுங்கின உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். இரண்டு கையும் எப்போதும் உளியின் வெட்டுமுனைக்குப் பின்னால் இருக்கட்டும்.

3. பச்சை மரம் கூடாது. நிழலில், பலகைக்குப் பலகை நடுவே சின்னக் குச்சி வைத்து அடுக்கிக் காயவிடணும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நான் செய்த முதல் தப்பு இதுதான்.

4. நம்ம தருமபுரியில் கிடைக்கிற மரம் போதும். வேம்பைப் பூச்சி எளிதில் அரிக்காது, ஆனால் ரேகை மாறி மாறி ஓடும், இழைக்கப் பொறுமை வேணும். மாமரம் இழைக்கச் சுலபம், ஈரம் பட்டால் உளுத்துவிடும். புளி இரும்பு மாதிரி. கொட்டாப்புளிக்கும் ஆப்புக்கும் அருமை, புதுசாகப் பழகுகிறவர் கைக்கு ஆகாது. பேக்கிங் கட்டை என்றால் ஆணியை எல்லாம் பிடுங்கின பிறகே இழைப்புளி வையுங்கள். சந்தனம், காட்டு மரம் பக்கம் போகவே வேண்டாம், வனத்துறைச் சட்டம் சும்மா விடாது.

5. கழுந்தின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. துளையை முதலில் வெட்டுங்கள், கழுந்தை அதற்குப் பொருத்தமாகச் சீவுங்கள். கோட்டின் மேலே அறுக்காமல், கழிவுப் பக்கமாக அறுக்கணும். பெரிதாக இருந்தால் சீவலாம், சிறிதாகிவிட்டால் என்ன செய்ய?

6. பெவிகால் தடவிப் பொருத்தியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் சதுரம். கிளாம்ப் இல்லையா? கயிற்றைச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்குங்கள். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள்.

7. கால் ஆடினால் என்னை மாதிரி ஒவ்வொன்றாக அறுக்காதீர்கள். சமதரையில் வைத்து, குட்டைக் காலுக்கு அட்டை கொடுத்து மேல்பலகையை மட்டமாக்குங்கள். ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, தரையோடு நகர்த்தி நாலு காலிலும் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் ஒரே தடவையில் நிற்கும்.

8. முக்கியமானது இதுதான். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும், விரியும். நான் மேல்பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டேன். வெயிலில் சுருங்க இடமில்லாமல்தான் வெடித்தது. திருகுக்கு வட்டத்துளை போடாமல் அகலவாக்கில் நீள்துளை போட்டால் பலகை தாராளமாக நகரும்.

9. கடைசியில் ரேகையோடு உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

முடிவாக...

பெரியவர் ஒரு துண்டுப் புளியங்கட்டை கொடுத்தார். அதில் இரண்டு பட்டாம்பூச்சி ஆப்பு சீவினேன். ஆப்பைப் பலகை மேல் வைத்து, சுற்றிக் கூர்மையாகக் கோடு கிழித்து, பலகைக் கனத்தில் பாதி ஆழத்துக்குக் குழி வெட்டினேன். முதல் குழி லொடலொட என்று பெரிதாகிவிட்டது, ஆப்பை மறுபடி பெரிதாகச் சீவினேன். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. கொட்டாப்புளியால் கடைசித் தட்டுத் தட்டும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, செமஸ்டர் ரிசல்ட்டில்கூட வந்ததில்லை!

அந்த மேஜை இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டது. விரிசல் இன்னும் தெரிகிறது, ஆனால் நகரவில்லை. அதன் மேல்தான் ப்ளான் வரைகிறேன், இந்தக் கட்டுரையும் அதன் மேல் எழுதியதுதான். சிரித்த பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் வந்து, தம்பி, எங்க பாப்பாவுக்குப் படிக்க ஒரு குட்டி மேஜை செஞ்சு தர்றியா என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரிசல் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார்கள்.

நண்பர்களே! டிப்ளமோ நம் கையில் தருவது ஒரு சான்றிதழ் மட்டுமல்ல, கையையே தருகிறது. மேலே படியுங்கள், பெரிய வேலைக்குப் போங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படிப்பு ஏற ஏறக் கைவேலை கீழானது என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். நகாஷிமா படித்துவிட்டு உளியைத் தொட்டார், உளியைத் தொட்டதால் படித்தது வீணாகவில்லை. இந்த லீவில் ஒரு பழைய கட்டையை எடுங்கள். உங்கள் தெருவில் ஓர் ஆசாரித் தாத்தா இருப்பார், அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்கும் பேச ஆளில்லை, நமக்கும் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

முதல் ஸ்டூல் ஆடத்தான் செய்யும். ஆடட்டும்! இரண்டாவது நிற்கும்.